தேதி போடாத வாரங்கள்

9-6-2025 — 118 கிலோ 400 கிராம்.
23-6-2025 — இரைப்பையில் மிச்சம் வைத்தது கால் பங்கு.
24-6-2025 — தண்ணீர், மணிக்கு 30 மில்லி.
10-7-2025 — பால்சுறாப் புட்டு, மூன்று கரண்டி.
10-7-2025 முதல் 1-8-2025 வரை — வாய்வழியாக ஒன்றுமில்லை.
2-8-2025 — 97 கிலோ 100 கிராம்.
2-8-2025 — ஆங்கிலத்தில் ஒரு வரி.

பட்டியலின் கடைசியில் இருக்கும் அந்த ஒரு வரியை எடுக்கவைப்பதற்காக ஜெனிலா ஆறரை மாதம் சண்டை போட்டாள். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில், இரண்டாம் பக்கத்தில், ஏழாவது வரி அது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நோயாளியும் குடும்பத்தாரும் உணவு விதிகளை மீறியதால் ஏற்பட்ட சிக்கல்."

மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்ளக் கூடியவர்கள்.

நான் ஜெனிலாவின் பக்கத்து வீட்டுக்காரன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்தேன். தேதி போடாத காகிதம் என் மேசைக்கு வந்தால் அதே கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜெனிலாவுக்கு அந்த மருத்துவமனை கொடுத்த உணவுத் தாளைப் பார்த்திருந்தால் அதையும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன். நான் பார்த்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மணவாளக்குறிச்சிக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில் ஜெனிலாவைத் தெரியாதவர்கள் இல்லை. வயது முப்பத்தாறு. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவட்டாறு வரை போய் மீன் விற்பாள். பெண்கள் தலையில் சுமந்து, பேருந்தில் நடத்துநரிடம் ஏச்சு வாங்கி மீன் விற்ற ஊரில், வண்டியில் போய் விற்ற முதல் ஆள் அவள்தான். அவளுடைய உடம்பைப் பற்றிப் பேசாத வாடிக்கைக்காரர் கிடையாது. "நல்ல மீனெல்லாம் நீயே தின்னுட்டு மிச்சத்தையா கொண்டு வாற?" என்று திருவட்டாற்றில் ஒருவர் கேட்டாராம். "பின்ன? நல்லத எங்க வச்சிருக்கேன்னு பாத்தாலே தெரியுதுல்லா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு, அவருக்கு மட்டும் அன்றைக்குப் பத்து ரூபாய் கூட்டி விற்றாள். இதை அவளே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு ஒரு பக்கம். சர்க்கரை, முட்டுவலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் இன்னொரு பக்கம். இரவில் தூக்கம் கெட்டதால் பகலில் கண் சொருகியது. சென்ற ஆண்டு மார்ச்சில் அழகியமண்டபம் சந்திப்பில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தவள் அப்படியே தூங்கிச் சாய்ந்தாள். பெட்டி உடைந்து மீன் ரோட்டில் கொட்டியது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் பிடித்ததால் இந்தக் கதையை எழுத முடிகிறது. அதற்குப் பிறகுதான் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அதனால் ஊர் முழுவதும் அவள் பிள்ளைக்காகத்தான் வயிற்றைக் கீறப் போகிறாள் என்று பேசியது. மூச்சுக்காக என்று அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும் என்று மருத்துவர் சொன்னார். ஈரலின் வீக்கம் குறைந்தால்தான் உள்ளே கருவியை விட இடம் கிடைக்குமாம். ஜூன் 9, திங்கள்கிழமை தொடங்கினாள். அன்று காலை அவளுடைய மாமியார் வியாகுலம்மாள் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பங்குக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நோன்பு தொடங்கினால் அந்த அம்மா அப்படித்தான் செய்வார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனில் வட்டம் போட்டால் அங்கிருந்து ஈஸ்டர் வரை எண்ணுவார். எங்கள் ஊரில் யாரும் வேறு விதமாக எண்ணியதில்லை.

ஜூன் 23-இல் அறுவை. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் தடிமனில் ஒரு குழாய் போலத் தைத்து விடுகிறார்கள். அந்த நீளத் தையல் ஆறுவதற்கு ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் என்ன உள்ளே போகிறது, எவ்வளவு போகிறது, எந்த வேகத்தில் போகிறது என்பதுதான் அறுவையைவிடப் பெரிய காரியம். இதை எனக்குப் பின்னால் மருத்துவரே சொன்னார். அவ்வளவு பெரிய காரியத்துக்கு அந்த மருத்துவமனை ஒதுக்கிய நேரம் ஏழு நிமிடம். 26-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்து மயக்கம் தெளியாமல் உட்கார்ந்திருந்தவளிடம் உணவு நிபுணர் ஒரு பெண் வந்து பேசினாள். கையில் நான்கு பக்கம் ஆங்கிலத் தாள் ஒன்றும், முப்பது மில்லி பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றும் கொடுத்தாள்.

தாளில் இருந்தது இது. முதல் வாரம் தெளிந்த நீர். இரண்டாம் வாரம் பால், சூப் போன்றவை. மூன்று, நான்காம் வாரங்களில் மசித்து அரைத்தது. ஐந்து, ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு, உதிர்த்த மீன் உட்பட. வாரம், வாரம், வாரம். எந்த நாளிலிருந்து முதல் வாரம் என்று நான்கு பக்கத்திலும் ஓரிடத்திலும் இல்லை. நான் மூன்று முறை தேடினேன்.

வீட்டுக்கு வந்த அன்றே தொல்லை தொடங்கியது. வியாகுலம்மாள் வீட்டில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. செம்பை உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் பழக்கம். ஜெனிலாவும் பழக்கதோஷத்தில் முப்பது மில்லியையும் ஒரே மடக்காக அண்ணாந்து ஊற்றினாள். காற்றும் தண்ணீரும் சேர்ந்து இறங்கி நெஞ்சை அடைத்து, நுரை நுரையாகத் திரும்பி வந்தது. அப்புறம் கிண்ணத்தில் வாய் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வாய் நனையும் அளவு உறிஞ்சக் கற்றுக்கொண்டாள். முப்பது மில்லிக்கு அரை மணி நேரம். எச்சில் கிண்ணம் என்று மாமியார் முகம் சுளித்தார். ஆனால் அந்தக் கிண்ணத்தை மட்டும் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மாவிடம் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி என்ன எழுதுவது? மட்டிப்பழச் சீப்பு, கேக், ரொட்டி, ஹார்லிக்ஸ். கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. போகமாட்டார்கள். அவள் ஒரு வாய் தின்பதைப் பார்க்கவேண்டும். பார்த்தால்தான் வந்ததற்குப் பலன். வேண்டாம் என்றால், "காசு குடுத்துப் பட்டினி கெடக்குத ஆள இப்பத்தான் பாக்கேன்" என்று ஒரு சிரிப்பு. வயிற்றில் தையலோடு கிடப்பவளிடம் இந்த வேடிக்கை பேசியவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும்.

எங்கள் கடற்கரையில் வயிறு கீறிய உடம்பு என்றால் ஒரே அர்த்தம்தான்: பேறுகால உடம்பு, பச்சை உடம்பு. அதற்குக் கருப்பட்டி போட்ட காய மருந்து, பூண்டு, பால்சுறாப் புட்டு. ஒன்பது வருடமாக வியாகுலம்மாள் அந்தப் பக்குவங்களை ஊரிலுள்ள மற்ற மருமகள்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். சொந்த வீட்டில் செய்ய வாய்க்கவில்லை. ஜூலை 10, வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் முதல் பேருந்து பிடித்துச் சின்னமுட்டம் போனார். எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம், கடலும் கொந்தளித்துக் கிடந்தது. கிழக்குக் கரையில்தான் சுறா கிடைக்கும். இரண்டு குட்டிச்சுறா வாங்கி வந்து அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, மஞ்சளும் பூண்டும் தேங்காயும் சேர்த்துப் புட்டாக்கினார்.

ஜெனிலா மாட்டேன் என்றாள். இது மூன்றாவது வாரம், மீன் ஐந்தாவது வாரம்தான் என்றாள். வியாகுலம்மாள் காலண்டரைக் காட்டினார். வட்டம் போட்ட ஜூன் 9-இலிருந்து எண்ணினால் அது ஐந்தாவது வாரம். ஜெனிலாவின் கணவன் ஸ்டெனியின் தங்கை லிஜா குளச்சலிலிருந்து வந்திருந்தாள். தாளைத் தன் போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்தாள். 'ஐந்தாம் வாரம், உதிர்த்த மீன்' என்று தெளிவாக வந்தது. இதைவிட உதிர்ந்த மீன் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஜெனிலாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தாளின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அவளுடைய போனில் அந்த அழைப்புகளை நானே பார்த்தேன்: காலை 11:12-க்கு ஒன்று, 11:20-க்கு ஒன்று. முதலாவதை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில் ஒரு பெண், டயட்டீஷியன் லீவு, திங்கள்கிழமை கூப்பிடுங்கள் என்றாள். வாரம் எந்த நாளிலிருந்து என்று கேட்டதற்கு, அது எனக்குத் தெரியாது என்று வைத்துவிட்டாள்.

பிறகு பஹ்ரைனிலிருந்து ஸ்டெனி வீடியோவில் வந்தான். மீன்பிடிப் படகில் வேலை அவனுக்கு. அன்று கரையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சொன்னதை லிஜாவும் ஜெனிலாவும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

"அம்மை ஆசையாச் செஞ்சிருக்காவ. ரெண்டு வாய் தின்னு. செத்தா போவ?"

வியாகுலம்மாள் ஒன்றும் வற்புறுத்தவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்க கையால பேறு பாக்க எனக்குக் கிட்டல்ல மக்களே. இதாவது பாக்கேன்" என்றார்.

ஜெனிலா மூன்று கரண்டி தின்றாள். தொண்டை வறண்டதும், பழக்கம் மறந்து, செம்பை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் வாந்தி. கடைசியில் வந்ததில் ரத்தம் இருந்தது. இடது தோளில் குத்து, காய்ச்சல், நாடித் துடிப்பு எண்ண முடியாத வேகம். இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு இடது தோள் வலித்தால் அது தோள்வலி அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அறிகுறி. அதுவும் அந்தத் தாளில் இருந்தது: நான்காம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். வீட்டில் வாய்வு என்று நினைத்து இஞ்சி தட்டினார்கள். சத்தம் கேட்டு நான் போனபோது மணி மூன்று ஐந்து. ஆம்புலன்ஸ் மூன்று நாற்பதுக்கு வந்தது.

தையலில் ஊசிமுனை அளவு ஓட்டை. மறுபடியும் அறுவை மேசை, வயிற்றில் ஒரு குழாய், மூக்கு வழியாகக் குடலுக்கு ஒரு குழாய். இருபத்து மூன்று நாள் வாயில் ஒரு சொட்டுக் கூட இல்லை. அறுவை செய்த மருத்துவர் நியாயமான மனிதர். மீனால் திறந்ததா, ஏற்கெனவே கசியத் தொடங்கியிருந்ததா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று என்னிடமும் லிஜாவிடமும் சொன்னார். அவருக்கே தெரியாத காரணம் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்தவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஏழாவது வரி அப்படித்தான் வந்தது.

லிஜா அந்தப் பக்கத்தை அண்ணனுக்கு அனுப்பினாள். செத்தா போவ என்று கேட்டவன், அம்மாவைக் கூப்பிட்டு, "நீ எனக்க பெண்டாட்டியக் கொல்லப் பாத்தியா?" என்று கேட்டான். அதோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறது என்பது அவன் வாதம். ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. கேக்கை வைத்து ஒரு வாய் ஒரு வாய் என்று கெஞ்சிய அதே வாய்கள், மருமகளுக்குச் சுறா கொடுத்தவள் என்று கோயில் வாசலில் கிசுகிசுத்தன. வியாகுலம்மாள் ஞாயிறு பூசைக்குக் கடைசி வரிசைக்குப் போனார். பூசை முடியும் முன்பே எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆகஸ்ட் 2-இல் திரும்பி வந்த ஜெனிலா மறுபடியும் முப்பது மில்லியிலிருந்து தொடங்கினாள். இந்த முறை மருத்துவரிடம் நேரில் கேட்டு, எது எந்தத் தேதி முதல் என்று காலண்டரிலேயே எழுதிக்கொண்டாள். வடிகட்டிய கஞ்சித் தெளிவு, பிறகு பருப்புத் தண்ணீர், பிறகு அரைத்துப் பிசைந்த முட்டை. சாப்பிடும்போது தண்ணீர் இல்லை. அரை மணி கழித்துத்தான். கருப்பட்டி பக்கத்தில் வரக்கூடாது. இனிப்பு அந்தக் குழாயில் விறுவிறு என்று இறங்கினால் மயக்கமும் படபடப்பும் வரும். போதும் என்று வயிறு சொல்வதற்கு ஒரு கரண்டி முன்னால் நிறுத்திவிடவேண்டும். அத்தனையையும் அளந்து கொடுத்தவர் வியாகுலம்மாள்தான். மருமகள் தன் கையிலிருந்து வாங்கித் தின்பாளா என்று ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்ப்பாராம். அவள் தின்றாள். மட்டிப்பழத்தோடு மறுபடி வந்த ஒரு சொந்தக்காரரை அந்த அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "ஏலே, தின்னியதப் பாக்கணும்னா ஒனக்க வீட்ல கண்ணாடி முன்னால இருந்து நீயே தின்னு" என்றார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் நான் சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

பல்லி மாதிரி அந்த வரி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஜெனிலா தாளையும் சம்மரியையும் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள்.

"எனக்கு மாமி மேல கோவம் இல்ல மாமா. அவிய எண்ணினது சரிதான். எங்க இருந்து எண்ணணும்னு சொல்லாதவன் ஒரு வரி எழுதிட்டான். அத எடுக்கணும். எழுதுங்க."

எழுதினேன். ஆகஸ்ட் 20-இல் முதல் கடிதம், பதிவுத் தபாலில். பதில் இல்லை. செப்டம்பர் 24-இல் இரண்டாவது. அக்டோபர் 8-இல் நான்கு வரிப் பதில் வந்தது: உணவு விதிகள் விளக்கப்பட்டன, உடனிருந்தவர் கையெழுத்திட்டுள்ளார், ஆகவே திருத்தம் தேவையில்லை. கையெழுத்திட்ட உடனிருந்தவர் வியாகுலம்மாள். ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கி, அதையே அவருக்கு எதிராகக் காட்டுகிறவர்களை என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அச்சில் வராது.

டிசம்பர் 10-ஆம் தேதி ஜெனிலா, வியாகுலம்மாள், நான் மூவரும் நேரில் போனோம். மேலாளர் இளைஞர், நல்ல சட்டை. ஒரு மணி ஐம்பது நிமிடம் காக்கவைத்தார். அறுவையிலிருந்துதான் வாரக் கணக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். ஜெனிலா எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"எல்லாருக்கும் தெரியும்னா, நான் போன் போட்டுக் கேட்டப்போ ஒங்க ஆளுக்கு ஏன் தெரியல்ல?"

மேலாளர் அந்தப் பெண் வரவேற்பில் இருப்பவள் என்றார்.

"அப்போ ஒங்க கட்டடத்துக்குள்ள இருக்கியவளுக்கே தெரியாது. வீட்ல சமைக்கிய எங்க மாமிக்குத் தெரியணும். அப்படித்தானே? இவியளுக்க மொவன் இவியள்ட்ட பேசி நாலு மாசம் ஆச்சு சார். ஒங்க ஒத்த வரி. அத அடிச்சுட்டுக் குடுங்க, நான் போறேன்."

வியாகுலம்மாள் அவளுடைய சேலை முந்தானையைப் பிடித்து, போதும் மக்களே, வா போவோம் என்று முனகினார். ஜெனிலா உட்கார்ந்தாள். அடித்துத் தரும் வரை அங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னாள். நான்கு மணிக்கு மேலாளர் எழுதித் தந்தது ஒரே வாக்கியம்: பரிசீலிக்கிறோம். தேதி போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மூன்றாவது கடிதத்தை அனுப்பினேன். மருத்துவர் எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதி, அவருக்கும் ஒரு நகல் வைத்தேன்.

அவர்களுடைய கடைசிக் கடிதத்தை ஜெனிலா என்னிடம் கொண்டுவந்தாள். ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே நீட்டினாள். திருவட்டாற்றிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். உள்ளே திருத்திய சம்மரி. ஏழாவது வரி இருந்த இடத்தில், 'தையல் கசிவு; காரணம் உறுதி செய்யப்படவில்லை' என்று இருந்தது. கூடவே புதிய உணவுத் தாள், தமிழில். ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னாலும் தேதி எழுதக் கோடு விட்டிருந்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு சொல் இல்லை. அந்தப் பழைய வரியை எழுதியது யார் என்றும் இல்லை.

"மன்னிப்புன்னு எங்கயாவது இருக்கா மாமா?"

இல்லை என்றேன். சவம், போவட்டும் என்று சொல்லிவிட்டு, திருத்திய பக்கத்தைப் படம் பிடித்துப் பஹ்ரைனுக்கு அனுப்பினாள். ஸ்டெனியின் அழைப்பு வந்ததும் வீட்டுக்குள் போய், அடுப்படியில் இருந்த மாமியாரின் கையில் மணி அடித்துக்கொண்டிருந்த போனைத் திணித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே வியாகுலம்மாள் "தின்னியா மக்களே?" என்று கேட்பது கேட்டது. அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

ஸ்டெனி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கவேண்டும்.

கடிதம் வந்து சேர்ந்தது 18-2-2026, விபூதிப் புதன்.